கேம்பர் ட்ரக்கில் நியூஃபவுண்ட்லாந்து வரை: மூன்று கிழமை போதுமா?

ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: ஜூலையில் மூன்று கிழமை லீவு கிடைத்திருக்கிறது. மனைவி, 12 வயது மகள், 7 வயது மகன், 68 வயது அம்மா. பிக்கப் ட்ரக்கின் மேல் ஏற்றிய கேம்பர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, கியூபெக், நியூ பிரன்ஸ்விக், பிரின்ஸ் எட்வர்ட் தீவு, நோவா ஸ்கோஷியா, நியூஃபவுண்ட்லாந்து எல்லாவற்றையும் பார்த்து வரலாமா? எங்கே எத்தனை நாள்? அம்மாவுக்குக் கஷ்டமாக இருக்குமா?

போகலாம் தம்பி. நாங்கள் இரண்டு தடவை போய் வந்திருக்கிறோம். முதல் தடவை வழியில் பெயர் கேள்விப்பட்ட இடத்திலெல்லாம் நிறுத்தினோம். நோவா ஸ்கோஷியாவின் கிழக்கு முனைக்குப் போய்ச் சேரும்போது பத்து நாள் முடிந்திருந்தது; பிள்ளைகள் களைத்துவிட்டார்கள், நியூஃபவுண்ட்லாந்தில் நான்கே நாள் நின்றுவிட்டு ஓடிவந்தோம். இரண்டாம் தடவை பட்டியலில் பாதியை வெட்டிவிட்டு, நேராக ஆகத் தூரத்துக்குப் போய், திரும்பி வரும்போது ஆறுதலாகப் பார்த்தோம். வீட்டில் இன்றைக்கும் கதை வருவது அந்த இரண்டாவது பயணத்தைப் பற்றித்தான். போகும்போது எல்லோருக்கும் உற்சாகம் இருக்கும், நீண்ட ஓட்டத்தைத் தாங்குவார்கள். வரும்போதுதான் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை இறங்கவேண்டும் போலிருக்கும். ஆகவே முதலில் நியூஃபவுண்ட்லாந்து. மற்றதெல்லாம் வரும் வழியில்.

சரி, முதலில் வண்டியைப் பற்றிப் பேசுவோம், ஏனென்றால் வண்டி பிழையாகிவிட்டால் மற்றதெல்லாம் பிழையாகிவிடும். ட்ரக் கேம்பர் என்பது பிக்கப்பின் பின்பெட்டியில் இறக்கி வைக்கிற ஒரு சின்ன வீடு. டிரைவரின் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் பெரிய கட்டில். சாப்பாட்டு மேசையைத் தாழ்த்தினால் இன்னொரு கட்டில். சிலவற்றில் மேலே ஒரு தொட்டில் மாதிரிப் படுக்கை. ஐந்து பேர் படுக்கலாம் என்பார்கள். படுக்கலாம்தான், ஆனால் மழை பெய்து ஐந்து பேரும் உள்ளே இருந்தால், ஒருவர் எழும்ப நான்கு பேர் கால் மடக்கவேண்டும். அதனால் ஒரு சின்னக் கூடாரம் கட்டாயம் கொண்டு போங்கள். மழையில்லாத இரவுகளில் உங்கள் மகள் அதற்குள்தான் படுக்க விரும்புவாள்.

வாடகைக்கு எடுக்கும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, ட்ரக்கின் முன்கேபினில் ஐந்து பெல்ட் இருக்கிறதா? வண்டி ஓடும்போது ஐந்து பேரும் முன்னால்தான் இருக்கவேண்டும். பின்னால் கேம்பருக்குள் பிள்ளைகளைப் படுக்க வைத்துக்கொண்டு ஓடுவது என்ற எண்ணமே வேண்டாம். இரண்டாவது, பாரம். டிரைவர் கதவைத் திறந்தால், தூணில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து எத்தனை கிலோ வரை ஏற்றலாம் என்று அதில் போட்டிருக்கும். கணக்கைப் போட்டுப் பாருங்கள்: குடும்பத்துக்கான கேம்பர் வெறுமனே 1,200 கிலோ வரும். தண்ணீர் 120 லிட்டர் நிரப்பினால் அது 120 கிலோ. ஐந்து பேர் ஒரு 300 கிலோ. அரிசி, உடுப்பு, புரொப்பேன், நாற்காலிகள் எல்லாம் வேறு. சாதாரண அரை டொன் பிக்கப் இதைத் தாங்காது. ஒரு டொன் வகுப்பு ட்ரக் வேண்டும். அரை டொன்னில் ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். லைசென்ஸைப் பற்றிப் பயப்படவேண்டாம், ஒன்ராறியோவின் சாதாரண ஜி லைசென்ஸ் போதும்.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். கேம்பரை ட்ரக்கோடு இறுக்கிப் பிடிப்பது நான்கு மூலையிலும் உள்ள திருகுக் கொக்கிகள். முதல் பயணத்தில், கியூபெக்கின் ரிவியேர் டு லூப் என்ற ஊரைத் தாண்டி மேடும் பள்ளமுமான பாதையில் ஏறும்போது, பின்னால் 'டக், டக்' என்று ஒரு சத்தம். பாத்திரம் உருளுகிறது என்று நினைத்தோம். பெற்றோல் அடிக்க நிறுத்தியபோது பார்த்தால், பின் இடது கொக்கி விரலால் சுழற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. கேம்பர் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பக்கம் அரக்கியிருந்தது. பெட்டியின் விளிம்பில் பெயின்ற் உராய்ந்து வெள்ளித் தகரம் தெரிந்தது. முதல் நூறு கிலோமீட்டரில் கொக்கி இளகும், திரும்ப இறுக்கவேண்டும் என்று வாடகைக்குத் தந்தவர்கள் எங்களுக்குச் சொல்லவில்லை. அன்றிலிருந்து, வண்டி நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் மகள் சுற்றிவந்து நான்கையும் கையால் இழுத்துப் பார்ப்பாள். அந்த வேலையை உங்கள் மகளுக்குக் கொடுங்கள். பெருமையாகச் செய்வாள்.

வண்டியின் உயரத்தை மீட்டரிலும் அடியிலும் ஒரு துண்டில் பெரிதாக எழுதி ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒட்டிவிடுங்கள். எங்களுடையது 3.6 மீட்டர். கோப்பிக் கடையின் டிரைவ் த்ரூ, மாடிக் கார்ப்பார்க், தாழ்ந்த மரக்கிளை எல்லாம் இனி உங்களுக்கு இல்லை. பெற்றோல் செலவும் தெரிந்திருக்கட்டும்: பாரம் ஏற்றிய ட்ரக் 100 கிலோமீட்டருக்கு 18 முதல் 20 லிட்டர் குடித்தது. நான் சொல்லும் பாதை எல்லாம் சேர்த்து 6,000 கிலோமீட்டருக்கு மேலே வரும், ஆகவே 1,200 லிட்டருக்குக் கணக்குப் போடுங்கள்.

அப்புறம் கப்பல். இந்தப் பயணத்தின் முதுகெலும்பே கப்பல்தான். லீவு உறுதியான அன்றே புக் பண்ணுங்கள். நோவா ஸ்கோஷியாவின் நோர்த் சிட்னியிலிருந்து நியூஃபவுண்ட்லாந்துக்கு மரீன் அட்லாண்டிக் கப்பல் போகிறது. இரண்டு பாதை உண்டு. ஒன்று தீவின் தென்மேற்கு மூலையிலுள்ள போர்ட் ஓ பாஸ்க்குக்கு, ஏறத்தாழ 7 மணித்தியாலம், வருடம் முழுக்க ஓடுகிறது. மற்றது தென்கிழக்கிலுள்ள ஆர்ஜென்ஷியாவுக்கு, ஏறத்தாழ 16 மணித்தியாலம், கோடையில் மட்டும், அதுவும் கிழமையில் சில நாள்தான். போகும்போது போர்ட் ஓ பாஸ்க்கில் இறங்கித் தீவைக் குறுக்கே கடந்து, வரும்போது ஆர்ஜென்ஷியாவில் ஏறுங்கள். போர்ட் ஓ பாஸ்க்கிலிருந்து, கிழக்குக் கரையிலுள்ள தலைநகர் செயின்ட் ஜோன்ஸ் வரை 900 கிலோமீட்டர். அதே பாதையில் திரும்பி ஓடும் இரண்டு நாள் உங்களுக்கு மிச்சம். ஆர்ஜென்ஷியாக் கப்பல் டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டு, மற்ற எல்லா நாளையும் அதற்கு ஏற்றமாதிரிப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

புக் பண்ணும்போது, பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கேம்பரையும் சேர்த்து வண்டியின் உண்மையான நீளத்தைக் கொடுங்கள். கப்பலில் ஏறும் முன் புரொப்பேன் வால்வைப் பூட்டவேண்டும். கப்பல் ஓடும்போது வண்டி நிற்கும் தட்டுக்கு யாரும் இறங்க முடியாது. அம்மாவின் மருந்து, எல்லோருடைய ஸ்வெற்றர், பிள்ளைகளின் தலையணை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு மேலே போய்விடுங்கள். காஸ் பூட்டியிருப்பதால் ஃபிரிட்ஜும் வேலை செய்யாது. தண்ணீர்ப் போத்தல் நாலைந்தை முதல் நாளே உறையவைத்து உள்ளே அடுக்கிவிட்டு, கதவைத் திறக்காமல் விட்டால் இறைச்சி பழுதாகாது. இரவுக் கப்பலென்றால் கேபின் எடுங்கள். அம்மாவை 16 மணித்தியாலம் கதிரையில் இருக்கவிடக்கூடாது.

இனிப் பாதை. ரொறன்ரோவிலிருந்து நோர்த் சிட்னி ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். ஐந்து நாளில் போங்கள், நாளுக்கு 400. அதற்கு மேல் ஓடினால் கேம்பரில் போவதற்கே அர்த்தமில்லை. 401ஆம் நெடுஞ்சாலை முடிந்து கியூபெக்கில் 20 ஆக மாறும். மொன்றியலுக்குள் போகாதீர்கள். அங்கேயுள்ள சுரங்கப் பாதைகளில் புரொப்பேன் கொண்டுபோவதற்குக் கட்டுப்பாடு உண்டு. நகரத் தீவுக்குள் சிவப்பு விளக்கில் வலப்பக்கம் திரும்பவும் கூடாது. நகரத்துக்குத் தெற்கால் சுற்றிப் போகும் 30ஆம் நெடுஞ்சாலையைப் பிடியுங்கள். ஒரு பாலத்துக்குக் காசு கட்டவேண்டும், அது பரவாயில்லை.

கியூபெக் நகரத்தில் மட்டும் ஓர் இரவு நில்லுங்கள். பழைய நகரத்தின் ஒடுங்கிய தெருக்களுக்குள் இந்த வண்டியைக் கொண்டுபோனால் வெளியே எடுக்கமுடியாமல் போகும். செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் தென்கரையில் லேவி என்ற ஊர் இருக்கிறது. அங்கே வண்டியை விட்டுவிட்டு, ஆட்கள் போகும் படகில் ஏறினால், ஒரு பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் ஷத்தோ ஃபுரோந்தெனாக் ஹோட்டலின் காலடியில் இறக்கிவிடும். ஆற்று நடுவிலிருந்து அந்தக் கோட்டை நகரத்தைப் பார்ப்பது மாதிரி வேறு எங்கிருந்தும் தெரியாது. அதற்குப் பிறகு ரிவியேர் டு லூப்பில் ஆற்றை விட்டுப் பிரிந்து நியூ பிரன்ஸ்விக்குக்குள் இறங்குங்கள். ஹார்ட்லண்ட் என்ற சின்ன ஊரில் 391 மீட்டர் நீளத்தில் கூரை போட்ட மரப்பாலம் ஒன்று இருக்கிறது, உலகத்திலேயே நீளமான மூடுபாலம் அதுதான். வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்துபோய்ப் பாருங்கள். மற்றபடி நிற்காமல் போங்கள்.

நியூஃபவுண்ட்லாந்தில் இறங்கியதும் கைபேசி மணி அரை மணித்தியாலம் தாவும். அந்தத் தீவின் நேரமே அப்படி, பக்கத்து மாகாணத்தை விட அரை மணி முன்னே. ஊரில் இருக்கும் சொந்தங்களுக்கு எடுக்கும்போது ரொறன்ரோவிலிருந்து ஒன்பதரை என்று கூட்டிக் கழிப்போமே, அங்கே கோடையில் அது சரியாக எட்டு மணித்தியாலம். யாழ்ப்பாணத்து மணிக்கூட்டின் நிமிட முள்ளும் அங்கேயுள்ள நிமிட முள்ளும் ஒரே இடத்தில் நிற்கும். என் அம்மாவுக்கு இதைச் சொன்னபோது, தன் கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கப்பலால் இறங்கிக் கொஞ்சத் தூரத்தில் ரெக்ஹவுஸ் என்று ஓர் இடம். மலையிலிருந்து இறங்கும் காற்று, முந்திய காலத்தில் ரயில் பெட்டிகளையே தண்டவாளத்திலிருந்து புரட்டிப் போட்டிருக்கிறது. லாக்கி மக்டூகல் என்பவர் அங்கே வாழ்ந்தார். காற்று எப்படி வரும் என்று அவருக்குத் தெரியும் என்பதால், ரயிலை விடலாமா வேண்டாமா என்று சொல்வதற்காகவே ரயில்வே அவருக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது. உங்கள் வண்டி உயரமான ஒரு தகரப் பெட்டி. காற்று எச்சரிக்கை இருந்தால் துறைமுக ஊரிலேயே தங்கிவிடுங்கள், ஒரு நாள் போனாலும் போகட்டும்.

மற்றது மூஸ், குதிரையளவு உயரமான பெரிய மான். 1904ஆம் ஆண்டு நியூ பிரன்ஸ்விக்கிலிருந்து நான்கு மூஸ்களைக் கொண்டுவந்து விட்டார்கள். இன்றைக்கு அவை ஒரு லட்சத்துக்கு மேலே. இருட்டில் அதன் கண் வெளிச்சத்துக்கு மினுங்காது, ஏனென்றால் கண் விளக்கின் ஒளிக்கு மேலே இருக்கிறது. மோதினால் நீண்ட கால்கள் முறிந்து, உடம்பு கண்ணாடிக்குள் வரும். மாலை ஆறு மணிக்குக் கூடாரம் அடித்திருக்க வேண்டும் என்று ஒரு சட்டம் வையுங்கள். நாங்கள் இதை ஒரு நாளும் மீறவில்லை.

தீவில் எட்டு ஒன்பது நாள் இருக்கிறது என்று வைப்போம். முதல் மூன்று நாளும் குரோஸ் மோர்ன் தேசியப் பூங்கா. 1987இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்த இடம். அங்கே டேபிள்லண்ட்ஸ் என்ற மலைக்குக் கட்டாயம் போங்கள். பாதையின் ஒரு பக்கம் பச்சைக் காடு. மறு பக்கம் ஒரு மரம்கூட இல்லாமல், துருப்பிடித்த இரும்பு நிறத்தில் ஒரு வெட்டவெளி. பூமியின் மேலோட்டுக்குக் கீழே இருக்கவேண்டிய பாறை, கண்டங்கள் முட்டிக்கொண்டபோது மேலே தள்ளப்பட்டு அப்படியே கிடக்கிறது. செடிக்கு வேண்டிய சத்து அதில் இல்லை, ஆகாத உலோகங்கள் இருக்கின்றன, அதனால்தான் மொட்டை. உடைந்த கல்லை எடுத்துப் பார்த்தால் வெளியே துரு, உள்ளே கரும்பச்சை. பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுங்கள், பூங்காவிலிருந்து கல் எடுக்கக்கூடாது. போய்வர நான்கு கிலோமீட்டர், பழைய வண்டிப் பாதை மாதிரிச் சமமான நடை. என் அம்மா கைத்தடியோடு பாதி வரை வந்து, ஒரு பாறையில் இருந்துவிட்டார். "இதுதான் பூமாதேவியின்ர வயிறோ?" என்று கேட்டார். புவியியல் படித்த யாரும் அதைப் பெரிதாகத் திருத்தமாட்டார்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும். வடக்கு முனையிலுள்ள லான்ஸ் ஓ மெடோஸில் வைக்கிங்குகள் இறங்கி வீடு கட்டிய இடம் இருக்கிறது. நோர்வேயைச் சேர்ந்த ஹெல்கே இங்ஸ்டாட் 1960இல் அதைக் கண்டுபிடித்தார். அங்கே கிடந்த மரத்துண்டுகளின் வளையங்களை வைத்து, 1021ஆம் ஆண்டில் அங்கே மரம் வெட்டியிருக்கிறார்கள் என்று 2021இல் நிறுவினார்கள். ராஜேந்திர சோழன் அரசாண்ட காலம் என்று மகளுக்குச் சொல்லுங்கள், அவளுக்கு அந்த வருடம் உடனே பிடிபடும். ஆனால் பூங்காவிலிருந்து போய்வர இரண்டு நாள் வேண்டும். அது கூடாதென்றால், நேரே கிழக்கே வந்து பொனவிஸ்டா குடாநாட்டுக்குப் போங்கள். எலிஸ்டன் என்ற ஊரில், கரையிலிருந்து பார்த்தாலே பஃபின் பறவைகள் கூட்டம் கூட்டமாகத் தெரியும். படகு வேண்டாம், தொலைநோக்கி வேண்டாம், சத்தம் போடாமல் புல்லில் இருந்தால் சிலநேரம் மிகக் கிட்டவே வந்து இறங்கும். 7 வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு நான் எலிஸ்டனைத்தான் சொல்வேன்.

செயின்ட் ஜோன்ஸில் ஒரு நாள் போதும். கேப் ஸ்பியரில் போய் நின்றால், வட அமெரிக்கக் கண்டத்தின் கிழக்கு எல்லை அதுதான். பாறை ஓரத்துக்குப் பிள்ளைகளை விடாதீர்கள், அலை சொல்லாமல் ஏறும்.

ஆனால் அங்கிருந்து நேராகக் கப்பலுக்குப் போகாதீர்கள். இதை நான் உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். 10ஆம் இலக்கப் பாதையில் தெற்கே இறங்குங்கள். அவலன் குடாநாட்டின் அடிப்பக்கம், மரமில்லாத சதுப்பு வெளியும் பனிமூட்டமுமாக இருக்கும். அங்கே செயின்ட் ஷொட்ஸ் என்று ஒரு சின்ன மீன்பிடி ஊர். 1986 ஆகஸ்ட் 11ஆம் தேதி, அந்தக் கரைக்கு அப்பால், மூடுபனிக்குள், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மிதந்துகொண்டிருந்தார்கள். மேற்கு ஜெர்மனியிலிருந்து கப்பலில் ஏற்றி வந்து, நடுக்கடலில் படகில் இறக்கி விட்டுப் போயிருந்தார்கள். முதலில் அவர்களைக் கண்டவர் கஸ் டால்டன் என்ற மீனவர். செயின்ட் மேரீஸ் விரிகுடாவைச் சேர்ந்த அவர், தன் படகில் மீன்பிடிக்கப் போனவர். தன்னால் ஏற்றக்கூடியவர்களை ஏற்றிக்கொண்டு, மற்றப் படகுகளையும் கூப்பிட்டார். 155 பேரும் உயிரோடு கரை சேர்ந்தார்கள். செயின்ட் ஜோன்ஸில் பல்கலைக்கழக விடுதியில் தங்கவைத்து, ஊர்ச்சனம் உடுப்பும் சாப்பாடும் கொண்டுவந்து கொடுத்தது.

நான் 1980களின் கடைசியில் விமானத்தில் வந்து இறங்கியவன். கடலில் வந்தவர்களின் கதையைப் பிறகுதான் கேட்டேன். அந்தக் கரையில் போய் நின்றபோது, ஜூலை மாதம், நண்பகல். நாங்கள் ஐந்து பேரும் குளிர் ஜாக்கெட் போட்டிருந்தோம். இருநூறு அடிக்கு அப்பால் தண்ணீர் தெரியவில்லை. ஊதுகுழல் சத்தம் மட்டும் எங்கோ கேட்டது. மகன் தண்ணீரில் கைவைத்துவிட்டு உடனே எடுத்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டான். "இதுக்குள்ளயா அப்பா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. அந்த 155 பேரில் பலருடைய பிள்ளைகள் இன்றைக்குக் கனடாவில் வளர்ந்து ஆளாகிவிட்டார்கள். உங்கள் அம்மா அதையெல்லாம் அறிந்த தலைமுறை. அவர் பக்கத்தில் நிற்கும்போது பிள்ளைகளுக்கு அந்தக் கடலைக் காட்டுங்கள்.

அங்கிருந்து கொஞ்சம் மேற்கே செயின்ட் வின்சென்ட்ஸ் கடற்கரை. கூழாங்கல் கரை ஓரத்திலேயே ஆழம் சட்டென்று இறங்குவதால், கேப்லின் என்ற சின்ன மீனைத் துரத்திக்கொண்டு ஹம்பேக் திமிங்கிலங்கள் கல்லெறி தூரத்துக்கு வரும். ஜூலை தொடக்கத்தில் போனால் வாய்ப்பு அதிகம். அது மூச்சு விடும் சத்தமும், கூடவே வரும் அழுகல் மீன் நாற்றமும் கரைக்கே வரும். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு குதிப்பார்கள்.

ஆர்ஜென்ஷியாவில் ஏறும் முன் ஒன்று தெரிந்திருக்கவேண்டும். தீவிலிருந்து உருளைக்கிழங்கு, மண்ணோடு வரும் கிழங்கு வகை, பூச்சட்டி எதையும் வெளியே கொண்டுபோகக் கூடாது. அங்குள்ள மண்ணில் உருளைக்கிழங்கை அழிக்கும் நோய்கள் உண்டு. சோதனை செய்பவர்கள் வண்டிக்குள் பார்ப்பார்கள், ரயரில் சேறு இருந்தால் கழுவச் சொல்வார்கள். கிழங்குக் கறியை முதல் நாள் இரவே வைத்து முடித்துவிடுங்கள்.

வரும் வழியில் ஆறு நாள் இருக்கும். கேப் பிரெட்டனில் கபோட் ட்ரெயில் என்று 298 கிலோமீட்டர் வட்டப் பாதை, அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பாரம் ஏற்றிய கேம்பரோடு அந்தச் செங்குத்து இறக்கங்களில் பிரேக் சூடாகி மணக்கும். போவதென்றால் மணிக்கூட்டு முள் சுற்றும் திசையில் போங்கள், மலைப்பக்கத்து லேனில் வரலாம். இறக்கத்தில் கியரைக் குறையுங்கள், பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்காதீர்கள். இந்த மூன்று கிழமைக்குள் என்றால் நான் அதை விட்டுவிடுவேன். கியூபெக்கின் கஸ்பே குடாநாடும் அப்படித்தான், அது தனியாக ஒரு கிழமை கேட்கும்.

பிரின்ஸ் எட்வர்ட் தீவை விடாதீர்கள். நோவா ஸ்கோஷியாவின் கரிபூவிலிருந்து வுட் ஐலண்ட்ஸுக்கு 75 நிமிடக் கப்பல். தீவுக்குள் போக அங்கே காசு வாங்குவதில்லை, வெளியே வரும்போதுதான். திரும்பும்போது கொன்ஃபெடரேஷன் பாலத்தால் வந்தால், பாலத்துக்கு மட்டும்தான் கட்டுவீர்கள். 1997இல் திறந்த, 12.9 கிலோமீட்டர் நீளப் பாலம் அது. காற்று மணிக்கு 70 கிலோமீட்டரைத் தொட்டால் உங்களுடையதைப் போன்ற உயரமான வண்டிகளை விடமாட்டார்கள். காலையில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

அந்தத் தீவில் அம்மாவை முன் சீட்டில் இருத்துங்கள். பாதையோரம் உழுத வயல் ஒன்று வரும். செக்கச்சிவந்த மண், அதில் வரிவரியாக உருளைக்கிழங்கு. என் அம்மா வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, வேலி ஓரத்து மண்ணை உள்ளங்கையில் எடுத்துப் பிசைந்து பார்த்தார். "உரும்பிராய் மண் மாதிரியே இருக்கு." இரும்பு துருவேறிய சிவப்புத்தான் இரண்டு இடத்திலும். அன்றைக்கு இரவு முழுக்க அவர் தன் தகப்பன் கிழங்கு நட்ட கதையைச் சொன்னார். எங்களுக்கு அதுவரை தெரியாத கதை.

கடைசியாக ஃபண்டி விரிகுடா. உலகத்திலேயே மிக உயரமாகக் கடல் ஏறி இறங்கும் இடம் அது, சில இடங்களில் 16 மீட்டர் வரை. ஹோப்வெல் ரொக்ஸில் வற்றுநேரத்தில் கடல் அடியில் நடக்கலாம். பூந்தொட்டி மாதிரி நிற்கும் பாறைகளின் காலடியில் கடற்பாசி வழுக்கும். ஆறு மணித்தியாலம் கழித்து அதே இடத்துக்கு மேலே சின்னப் படகுகள் ஓடும். வற்று நேரத்தையும் ஏறும் நேரத்தையும் முதல் நாளே பார்த்து, இரண்டையும் காண்கிறமாதிரிப் போங்கள்.

சமையல். கேம்பருக்குள் தாளிக்காதீர்கள். கடுகு வெடித்து, செத்தல் மிளகாய் கருகிய அடுத்த நிமிடம் புகை அலாரம் அடிக்கும். ஒருநாள் காலை ஆறரைக்கு முழு முகாமையும் நாங்கள் எழுப்பிவிட்டோம். வெளியே வைக்கும் காஸ் அடுப்பு ஒன்று தனியாகக் கொண்டுபோங்கள். தாளிப்பும் மீன் பொரியலும் அதில். சாப்பிட்டு முடிந்ததும் அடுப்பு, சட்டி, மிச்சம் எல்லாம் வண்டிக்குள் போய்விடவேண்டும், கருங்கரடி உள்ள இடங்கள் இவை. வறுத்த அரிசிமா, மிளகாய்த்தூள், உறையவைத்த தேங்காய்ப்பூ, கருவேப்பிலை எல்லாம் ஸ்கார்பரோவிலேயே வாங்கிவிடுங்கள். மீன் மட்டும் கொண்டுபோகாதீர்கள். மீன்பிடித் துறைகளில் சிங்கி இறாலும் நண்டும் அப்போது பிடித்ததாக வாங்கலாம். நியூஃபவுண்ட்லாந்தில் கோடையில் குறித்த நாட்களில் லைசென்ஸ் இல்லாமலே கொட் மீன் பிடிக்கலாம், ஆளுக்கு நாளுக்கு ஐந்து. படகுக்காரர் யாராவது கூட்டிப்போனால், மாலையில் குழம்பு வைக்கலாம்.

கழிவுத் தொட்டி இரண்டு இருக்கும், கழிவறைக்கு ஒன்று, பாத்திரம் கழுவும் தண்ணீருக்கு ஒன்று. ஐந்து பேருக்கு மூன்று நாளில் நிரம்பும். முதலில் கழிவறைத் தொட்டியைத் திறந்துவிட்டு, பிறகு மற்றதைத் திறந்தால், அந்தத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். கையுறை போடுங்கள். விறகு வீட்டிலிருந்து கொண்டுபோகவே வேண்டாம், மரத்தைத் தின்னும் பூச்சி கூடவே போகும், முகாமிலேயே வாங்குங்கள்.

அம்மாவைப் பற்றிக் கேட்டீர்கள். கஷ்டம் மூன்று இடத்தில்தான். கேம்பரின் பின்வாசல் படி உயரமானது, ஆடும். கீழே வைக்க அகலமான ஒரு பிளாஸ்டிக் படிக்கட்டை வாங்குங்கள். மேல் கட்டில் அவருக்கு வேண்டாம். மேசைக் கட்டிலைக் கொடுங்கள், கழிவறையும் கிட்ட. ஜூலையிலும் இரவில் குளிரும், அவருக்கென்று தடித்த போர்வை ஒன்று. அதோடு நான்கு இரவுக்கு ஒரு தடவை மோட்டலில் தங்குங்கள். எல்லோரும் சுடுதண்ணீரில் ஆறுதலாகக் குளித்து, உடுப்புத் தோய்த்துக்கொள்ளலாம். இதற்கு மேல் அவருக்கு ஒரு தடையும் இல்லை. எங்கள் வீட்டில் அடுத்த தடவை எப்போது என்று கேட்டுக்கொண்டிருப்பது அம்மாதான்.

இப்போது செய்யவேண்டியது: ஆர்ஜென்ஷியாக் கப்பலில் கேபினோடு எந்த நாள் இருக்கிறது என்று பாருங்கள். அந்தத் தேதியையும், வாடகை ட்ரக்கின் கதவு ஸ்டிக்கர் படத்தையும் எனக்கு அனுப்புங்கள், மிச்ச நாட்களை இருந்து கணக்குப் போடுவோம். வண்டியைச் சமமாக நிறுத்த ரயருக்குக் கீழே வைக்கும் கட்டைகள் ஒரு சோடி என் கராஜில் கிடக்கின்றன. வாங்கவேண்டாம், வந்து எடுத்துப்போங்கள்.